பச்சைப் புடவை அம்மாவின் அட்டை

சலோமி சிஸ்டர் ஒரு புதன்கிழமையில்தான் போவார் என்று நான் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். போன புதன் காலை கிளியனூரிலிருந்து சிஸ்டரின் தங்கை மகள் போன் செய்தபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே "சிஸ்டர்தானே?" என்றேன்.

"ஆமா மாமா. காபி குடிச்சிட்டு ஜெபம் பண்ணிக்கினே இருந்தாங்க. அப்டியே போயிட்டாங்க" என்று அழுதாள்.

புதன்கிழமை எங்கள் கிளினிக் நாள். சிஸ்டர் ஒரு புதன்கூட லீவு போட்டதில்லை. அன்றைக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் திண்டிவனத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி, தொழுநோய்க்கு மருந்து கொடுக்க ஊர் ஊராக ஒரு ஜீப்பை அனுப்பியது. நர்ஸ் சலோமி சிஸ்டர். டிரைவர் ஏகாம்பரம், அதாவது நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் தென்னாற்காடு ஜில்லாவில் என்னைப்போல ஜீப் ஓட்டியவன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த ஜீப்பின் பிரேக் என் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். வேறு யார் மிதித்தாலும் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.

ஜீப் கிளம்பியதும் சிஸ்டர் ஜெபம் செய்வார், கண்ணைத் திறந்துகொண்டே. "இன்னா சிஸ்டர், ஜெபத்துக்குக் கண்ண மூட வேணாமா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"நீ ஓட்டறதப் பாத்தா மூட தைரியம் வரலப்பா. அதுவும் இல்லாம, கர்த்தர் ரோட்டுலயே பதில் அனுப்பினா நான் பாக்க வேணாமா?"

வல்லத்திலும் மற்ற ஊர்களிலும் கிளினிக் நன்றாகவே நடந்தது. அனந்தபுரத்துப் புதன்தான் எங்களைச் சோதித்தது. சந்தைக்கு நட்ட நடுவே ஜீப்பை நிறுத்துவோம். ஜீப்பின் பக்கத்தில் 'தொழுநோய்' என்று ஆளுயர எழுத்து. (முழ உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒருத்தர்கூட வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் டீக்கடைக்காரர் கேட்டார்: "டிரைவரே, இன்னிக்காவது போணி ஆச்சா?"

எங்கள் பெரிய டாக்டர், அடுத்த புதனும் யாரும் வராவிட்டால் ஜீப்பை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்று திரும்பும்போது சிஸ்டர் ஜெபம் செய்யவில்லை.

"அந்த ஊர்ல நோய் இல்லாம இல்ல ஏகாம்பரம். பஸ்ல எத்தினி கையப் பாக்கறேன்! இப்ப வந்தா வெரலக் காப்பாத்தலாம். அப்புறம் வந்து இன்னா பிரயோஜனம்? கர்த்தர்தான் அங்க அனுப்பினாருன்னு நெனச்சேன். நானா நெனச்சிக்கினனோ இன்னாவோ. வேலைய வுட்டுட்டு கிளியனூருக்கே போயிடறேன்."

மறுநாள் காலை ராஜினாமா எழுதக் காகிதம் எடுத்து வைத்திருந்தார். நான் போய் நின்றேன்.

"சிஸ்டர், நேத்து டயருக்குக் காத்து அடிச்சிக்கினு இருந்தப்ப ஒரு அம்மா வந்தாங்க. பச்சைப் பொடவை, இடுப்புல அவிச்ச மல்லாட்டைக் கூடை. 'சந்தையில எல்லாரும் பாக்கற மாதிரி நின்னா எப்டிப்பா வர்றது? எம்பொண்ண யாரு கட்டிப்பான்? ஊருக்கு வெளிய நில்லுங்க'ன்னு சொல்லிட்டு ஜல்தியா போயிட்டாங்க."

"இத ஏன்பா நேத்தே சொல்லல?"

"மறந்துட்டேன் சிஸ்டர்."

"மறந்துட்டியா! கர்த்தர் பதில் அனுப்பியிருக்காரு, நீ அத டயருக்குக் கீழ போட்டுட்டு வந்திருக்கியே!" கையிலிருந்த ரிஜிஸ்டராலேயே தோளில் ஒன்று வைத்தார். அப்புறம் சிரித்தார். அந்தக் காகிதத்தில் மருந்துப் பட்டியல் எழுதினார்.

அடுத்த புதன் ஊருக்கு வெளியே, ஏரிக்கரைப் புங்கமரத்தடியில் நிறுத்தினோம். ஜீப்பின் எழுத்துமேல் சிஸ்டர் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். வெயில் ஏறியது. யாருமில்லை. நான்கூட ஜெபம் செய்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு பெரியவர் கையில் கயிற்றோடு வந்தார். "மாட்டத் தேடிக்கினு வந்தேன். இந்தப் பக்கம் வந்துதா?"

"மாடு எங்கியும் போவாது. குந்துங்க ஐயா" என்றார் சிஸ்டர்.

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார். முதுகில் வெளிறிய படை. சிஸ்டர் பஞ்சால் தொட்டார், அவருக்குத் தெரியவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே ஒரு அம்மா மாட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அப்புறம் இன்னொருவர். அனந்தபுரத்தில் அன்று தொலைந்த மாடுகளுக்குக் கணக்கே இல்லை! நாற்பது பேர் என்று நான் சபையில் சாட்சி சொல்வதுண்டு. "ஏழு" என்று சிஸ்டர் பின்வரிசையிலிருந்து திருத்துவார். சரி, ஏழு.

கிளினிக் நிலைத்தது. ஆனால் சுகமாகவே போனது என்று சொல்ல மாட்டேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாளைக்குத் தோல் கறுக்கும். கல்யாண வயதுப் பெண்ணின் அப்பா ஒருநாள் ஜீப்பை மறித்துக்கொண்டு, "எம்பொண்ணு மூஞ்ச இப்டி ஆக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினார். சிஸ்டர் முழுதும் கேட்டுக்கொண்டார். ஏரிக்கரை தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரை என் கையில, மத்தது கர்த்தர் கையில. திட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுப்பா" என்றார். அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறம் திரும்பியது. அவள் கல்யாணத்தில் பத்து விரலாலும் எங்களுக்கு இலை போட்டாள். இது நடக்கும் என்றும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

ஒவ்வொரு நோயாளிக்கும் எண் போட்ட ஓர் அட்டை உண்டு. மாடு தேடி வந்த பெரியவர் எண் இரண்டு. ஒன்றாம் எண் அட்டையைச் சிஸ்டர் பச்சைப் புடவை அம்மாவுக்கென்று பெயர் எழுதாமல் வைத்திருந்தார். புதன்தோறும் கண்ணைத் திறந்துகொண்டு அந்த அம்மாவுக்காக ஜெபம் செய்வார். நான் ஆமென் சொல்வேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அட்டையை என்னிடம் கொடுத்தார். "உனக்குத்தான் அவங்க மொகம் தெரியும். எங்கனா பாத்தா குடுத்துடுப்பா."

இனி மறைத்து என்ன? அப்படி ஒரு அம்மா வரவில்லை. காற்றடித்த இடத்தில் நானும் டயரும்தான் இருந்தோம். சிஸ்டர் வேலையை விடுவதைப் பார்க்க மனசில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பல தடவை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மார் தட்டிக்கொள்கிறவன் நான். ஊருக்கு வெளியே நிற்கச் சொல்லும் யோசனை மட்டும் என் புத்தியில் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று இப்போது சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும்.

அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. எண் ஒன்று, பெயர் இல்லை. இல்லாத ஓர் அம்மாவுக்காக அவர் அத்தனை புதன்கிழமைகள் செய்த ஜெபம் வீணாகப் போயிருக்காது. பக்கத்து சீட்டில் நான்தானே இருந்தேன்.