மாஸ்டர் போகாத வீடு

வியாழக்கிழமை மாலை அப்பாவும் மகளும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கோல் வலையின் ஓட்டையை அடைத்தார்கள். அவர் இழுத்துப் பிடித்தார். அவள் முடிச்சுப் போட்டாள். தொழிற்சாலையில் பாய்லர்களின் அழுத்தத்தைச் சோதிப்பது அவள் வேலை. அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு வலைக்கண்ணையும் ஸ்கேல் வைத்து அளந்தே கட்டினாள்.

"அளந்து கட்டினா அடிக்கிறவன் பயந்துடுவானா?" என்றார்.

"போன வருஷம் பந்து ஓட்டை வழியா போயிடுச்சு, கோலே இல்லைன்னாங்களே. அப்ப குதிச்சது யாரு?"

சிரித்தார். பிறகு, கத்தரிக்கோலைக் கேட்பதுபோல, இறுதி ஆட்டத்தில் பூட்டு இல்லை என்றார்.

பூட்டு என்பது பட்டப்பேர். அவர் பயிற்சி தரும் கால்பந்து அணிக்குப் பதினோரு வருடமாக அவன்தான் கோல்கீப்பர். பஸ் டிப்போ மெக்கானிக். ஏன் என்று கேட்டாள்.

"அத அவன்கிட்டதான் சொல்லணும். காலையில போறேன்."

அது அவர் வழக்கம். பட்டியலைச் சுவரில் ஒட்டும் முன், பேர் இல்லாதவன் வீட்டுக்குப் போவார். பேர் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் அவனிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவார். குடிநீர் மீட்டர் கணக்கெடுத்து வாழ்ந்தவர். எந்தத் தெருவில் எவன் மதிலை ஒரே எட்டில் தாண்டுகிறான் என்று பார்த்துப் பார்த்தே பாதி அணியைச் சேர்த்தார். முப்பத்தொரு வருடம், ஏழு கோப்பை. தோற்றுப்போன ஊர்க்காரர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அத்தனை வருடத்தில் ஒருத்தியிடம் மட்டும் சொல்லாமல் விட்டார். பதினாறு வயதில், அவரே தேர்ந்தெடுத்த பெண்கள் அணியில் தன் பேர் இல்லை என்பதை மகள் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்று மூன்று வீடுகளுக்குப் போய்வந்தவருக்குச் சொந்த வீட்டில் வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. இருபது வருடம் ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு காலில் ஷூவோடு, நாற்காலியிலேயே போய்விட்டார். இன்னொரு ஷூ தரையில் விழுந்த சத்தம் பக்கத்து அறையில் இருந்த அவளுக்குக் கேட்டது. ஷூதானே என்று இருந்துவிட்டாள்.

இறுதி ஊர்வலத்தில் முன்வரிசையில் தூக்கியவன் பூட்டு. தோள் மாற்ற வந்தவர்களை அண்டவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, விசில் மாமா என்று எல்லோரும் கூப்பிடும் துணைப் பயிற்சியாளர் வந்தார். ஆட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. பட்டியல் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டார். எழுதவில்லை, வாயால் சொன்னார் என்று சொல்லி, பூட்டு விஷயத்தையும் சொன்னாள். குடிக்க எடுத்த டம்ளரை அவர் அப்படியே கீழே வைத்தார்.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்மா. ஏற்கெனவே உடைஞ்சு கிடக்கான். மாஸ்டருக்காக நிப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியறான்."

அவளுக்கும் அதுதான் சுலபம். ஆனால் இரக்கப்பட்டு அளவை மாற்றி எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. இதை மறைத்தால், அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா எங்கேயும் கிளம்பவே இல்லை என்றாகிவிடும்.

"நாளைக்கு ஒட்டுங்க மாமா. நான் இன்னைக்கே போயிட்டு வந்துடறேன்."

பூட்டு மாடிவீட்டில் இருந்தான். வேலை முடித்து வந்து கைக் கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எதிரே படியில் உட்கார்ந்தான். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். துடைத்த விரலையே அவன் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஏனாம்?"

முழங்காலா, வயதா, போன ஆட்டத்தில் இடது பக்கம் விட்ட கோலா? எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான். மூன்றும் அவள் நாக்கு நுனிவரை வந்தன.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்னாருண்ணே. நான் மறுபடி கேக்கலை."

எதையும் அப்பாவிடம் அவள் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அடக்கம் நடந்த அன்றுகூட வராத அழுகை அங்கே வந்தது. பூட்டு தேற்ற வரவில்லை. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மாஸ்டர் என்னை நாலு திட்டு திட்டிட்டாவது போயிருக்கலாம்," என்றான்.

மாஸ்டர் வீட்டிலிருந்து அந்த மாடிப்படிவரை நடந்தால் ஒன்பது நிமிடம். வரும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள்.