எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

போன வாரம் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து போன் பண்ணினாள். "லே, ஒரு லேப்டாப்பு வாங்கிட்டேன். இருக்கதுலயே சின்னதுதான். கரண்டு பில்லு கட்ட, கோயில் ஆராதனை பாக்க, அம்புட்டுக்குத்தான்" என்றாள். வாங்கும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இழுத்தேன். "கேட்டா நீ இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவ" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை மூன்று பேர் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். அந்த மூன்று பேரில் அக்கா இல்லை.

கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றிருந்த காலம் அது. நான் ஆறு மாத டிப்ளமோ படித்த இடத்திலும் அப்படித்தான். ஏசி அறை, தரையில் சிவப்பு விரிப்பு, மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்குப் பாடம் ஞாபகம் வருவதில்லை, காலுறை நாற்றம்தான் வருகிறது. இப்படி மூன்றில் ஒரு பங்கு படித்து முடித்து, தச்சநல்லூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருந்த நான்தான் எங்கள் வீட்டின் கம்ப்யூட்டர் நிபுணன்.

அக்கா விலங்கியல் படித்துவிட்டு, டைப்ரைட்டிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர் முடித்துவிட்டு, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சென்னையில் வேலைக்குப் போகிறேன் என்றாள். அப்பா விடவில்லை. அப்போதுதான் வண்ணார்பேட்டையில் அந்தப் பயிற்சி நிலையம் வந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே நம் பெண்கள் அதைக் காதில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். அக்கா ஆறு மாதம் படித்து முதலாவதாக வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், முப்பது நாளில் ஒரு சோதனைப் பதிவை டைப் செய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார்கள். வெளியே போகாமல் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வேலை அது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். விசாரிக்காமல் ஒரு குடைகூட வாங்க மாட்டார். அவர் விசாரிக்கிற இடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைகிற கோயில் வளாகம், அதாவது சர்ச் வளாகம். விசாரிக்கிற ஆள் தங்கராஜ் அண்ணாச்சி. தச்சநல்லூரில் மிக்ஸி, கிரைண்டர், அலுமினியப் பாத்திரம் விற்கிற கடை வைத்திருந்தார். வயர் தொங்குகிற எந்தப் பொருளானாலும் எங்கள் சபையில் அவர் சொல்தான் முடிவு.

விசாரணை மூன்று ஞாயிறு நடந்தது. டைப் அடிக்க இருப்பதிலேயே மலிவான கம்ப்யூட்டர் போதும் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது முதல் ஞாயிறே எல்லோருக்கும் மறந்துபோனது. அதில் டிவி தெரியுமா என்றார் அண்ணாச்சி. பாட்டு கேட்கலாமா என்றார் அப்பா. நானும் சும்மா இருக்கவில்லை. "பின்னாடி எக்ஸ்பாண்ட் பண்ற மாதிரி இருக்கணும்ப்பா" என்றேன். டிப்ளமோவில் கற்றுக்கொண்டதில் மிச்சமிருந்த ஒரே வாக்கியம் அது. எதை எக்ஸ்பாண்ட் பண்ணுவது என்று எனக்கே தெரியாது. கடைசி வரை அந்தக் கம்ப்யூட்டர் ஒரு விரற்கடைகூட எக்ஸ்பாண்ட் ஆகவில்லை.

அக்கா ஒரு துண்டுச் சீட்டில் தனக்கு வேண்டிய இரண்டே பொருளை எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்று. காலால் மிதித்து டாக்டரின் பேச்சை நிறுத்தவும் ஓடவிடவும் ஒரு பெடல். அப்பா அதை மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை சனிக்கிழமை சலவைக்குப் போய்விட்டது.

மூன்றாவது ஞாயிறு தாண்டி, திங்கட்கிழமை மூவரும் வண்ணார்பேட்டையில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். மேலப்பாளையத்துக்காரர் சாகுல் பாய் அங்கே பாகங்களைக் கோத்துக் கம்ப்யூட்டர் செய்து கொடுப்பார். இரண்டு பெட்டிகளைக் காட்டினார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார், இறக்கினார். இரண்டாவதைத் தூக்கினார்.

"இது என்ன வே, காத்தடிச்சாப் பறந்துரும் போலிருக்கு. அது நல்லா கனமா இருக்கு" என்று முதல் பெட்டியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, கனம் வெறும் தகரத்துல உள்ளது. உள்ள ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கா சொல்லுதீரு? முப்பது வருசமா கிரைண்டர் விக்குதேன்."

சாகுல் பாய் அப்பா பக்கம் திரும்பி, "யாருக்கு சார்வாள், என்ன வேலைக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கடையில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி. "வீட்டு உபயோகத்துக்கு" என்றார் அப்பா. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அக்கா பேரைச் சொல்ல எங்கள் மூன்று பேர் நாக்குக்கும் வரவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கனமான பெட்டி, டிவி கார்டு, முழங்கால் உயர ஸ்பீக்கர் இரண்டு என்று வாங்கினோம். வைத்திருந்த பணம் அதோடு சரியாகப் போயிற்று.

ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது இருபத்துமூன்றாம் நாள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி முன்னறையில் வைத்தோம். அம்மா இரண்டே நாளில் ரோஜாப்பூ போட்டு ஓர் உறை தைத்துவிட்டாள். ஆனால் கம்ப்யூட்டரைப் போடக் கூடாது. புது வீடோ, புது பைக்கோ, ஆழ்குழாய்க் கிணறோ, எதுவானாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணின பிறகுதான் எங்கள் வீட்டில் உபயோகம். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த வாரம் பார்த்துக் கோயிலில் அசனம். ஊர் முழுவதையும் பந்தியில் உட்காரவைத்துச் சாதம் போடுகிற திருநாள். ஐயர் அரிசி மூட்டைக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவே நின்றார். அது முடிந்ததும் திசையன்விளையில் கூட்டம் என்று மூன்று நாள் போய்விட்டார்.

அக்கா தினமும் மத்தியானம் அந்த ரோஜாப்பூ உறையை விலக்கி, உயிரில்லாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கீபோர்டில் தட்டிப் பழகினாள். எதிரே கறுப்புத் திரை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அப்பா, ஜெபம் பண்ணாமப் போட்டா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரா?"

"ஐயரு கோவிச்சுக்கிடுவாரு" என்றார் அப்பா.

இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் ஐயர் வந்தார், கூடவே தங்கராஜ் அண்ணாச்சியும். சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அக்கா சோதனைப் பதிவை ஒப்படைத்தாக வேண்டும். ஐயர் உருக்கமாகத்தான் ஜெபித்தார். இந்த இயந்திரத்தைச் சகல தீங்குக்கும் விலக்கிக் காக்கும்படி வேண்டியபோது, நான் பின்னாலிருந்து "வைரஸ்" என்று மெதுவாகச் சொன்னேன். அதையும் சேர்த்துக்கொண்டார். ஆமென் சொல்லி, கேசரி கைக்கு வந்து, அப்பா பட்டனை அமுக்கினார். திரை வெளிச்சமானது.

"ஹெட்போன் எங்க?" என்றாள் அக்கா.

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இம்புட்டுப் பெரிய ஸ்பீக்கரு இருக்கும்மா. காதுல வேற மாட்டணுமா?" என்றார் அண்ணாச்சி. மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. அக்கா சோதனைப் பதிவு இருந்த சிடியை உள்ளே தள்ளினாள்.

அமெரிக்க டாக்டரின் குரல் எங்கள் முன்னறையை நிறைத்து, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. எழுபது வயதுக்காரர் ஒருவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. ஏன் பிரியவில்லை, எங்கே அடைப்பு, விரலால் சோதித்தபோது என்ன தெரிந்தது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். அப்பாவுக்கு அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை, மரியாதையாகக் கைகட்டி நின்றார். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாப் பிரசங்கம் பண்ணுதாரே, எந்த ஊரு ஐயரு?" என்றார். எங்கள் ஐயருக்கு எல்லாம் புரிந்திருந்தது. கேசரித் தட்டைப் பார்த்தபடி, "ஆஸ்பத்திரி ஊழியம் போல" என்று மட்டும் சொன்னார்.

அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. பெடல் இல்லாததால் ஒவ்வொரு வரிக்கும் மவுஸைப் பிடித்துப் பேச்சை நிறுத்தி, டைப் அடித்து, மறுபடி ஓடவிட்டாள். அண்ணாச்சி மிக்சரை மெல்லுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனது. அப்போதுதான் சொன்னாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கியளா? எனக்குக் கேக்க மாட்டேங்கு."

அந்த வீட்டில் அப்பாவை யாரும் அப்படி வெளியே அனுப்பியதில்லை. முதலில் ஐயர்தான் எழுந்தார். நாங்கள் நான்கு ஆண்களும் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றோம். தெருவில் போன ஒன்றிரண்டு பேர் நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். உள்ளே பெரியவரின் அடைப்பு மூன்றாம் முறையாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கேட்டை இழுத்துச் சாத்தினார்.

திங்கட்கிழமை ஒப்படைத்தாள், தேறினாள். செவ்வாய்க்கிழமை தனியாக டவுன் பஸ் ஏறிப் போய், டிவி கார்டை சாகுல் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஹெட்போனும் பெடலும் வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் மாற்றினாள், கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். எதற்கும் எங்களைக் கேட்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. தங்கராஜ் அண்ணாச்சியும் இல்லை, கடையில் செல்போன் விற்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கோத்துத் தருகிற மாடிக் கடைக்கும் இப்போது ஆள் வருவதில்லை. அக்காவின் அந்த வேலையும் போய்விட்டது. டாக்டர் பேசப் பேச இயந்திரமே டைப் அடித்துவிடுகிறது. முதலில் கொஞ்ச காலம் அதன் தப்புகளைத் திருத்துகிற வேலையைக் கொடுத்தார்கள். அவள் திருத்தத் திருத்த அதற்குத் தப்பு குறைந்தது. பிறகு திருத்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று நானே போன் பண்ணி, அந்த வேலையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவள் சொன்னாள்.

"வயசான டாக்டரு ஒருத்தரு, பதினோரு வருசமா அவரு பேசுனதை நாந்தான் அடிச்சேன். ஒவ்வொண்ணும் முடியும்போது 'தேங்க்யூ'ன்னு சொல்லுவாரு. நோயாளிக்கு இல்ல, டைப் அடிக்க ஆளுக்கு. அதை நாங்க அடிக்கக் கூடாது, கேட்டுக்கிட வேண்டியதுதான். கடைசியில மெசின் வந்துச்சுல்லா, அது அதையும் சேத்து அடிச்சிட்டு. தப்புன்னு அழிக்கச் சொன்னாங்க. எனக்குச் சொன்னதை நானே தினமும் அழிச்சேன்லே."