மூச்சு விடாத சக்களத்திகள்

எனக்குச் சக்களத்திகள் நாலு பேர். நாலு பேரும் என் வீட்டுக்காரருடைய கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறார்கள். சாப்பாடு கேட்பதில்லை, நகை கேட்பதில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர்கள்தான். ஆனால் மனிதர் வேலை விட்டு வந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, நேரே அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். "நான் ஒருத்தி இங்க உயிரோட இருக்கேங்க" என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கம்பிக் கயிறும் கிரீஸும்தான் வாழ்க்கை. எங்கள் படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு குட்டி கீபோர்டு. அதுதான் ஸ்டுடியோ. எங்கேயோ நாலு பாடகிகளை உட்கார வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் 'ஆ' என்றும் 'ஊ' என்றும் 'ம்' என்றும் தனித்தனியாகப் பாட வைத்து, அந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு மென்பொருளில் அடைத்து விற்கிறார்களாம். இவர் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒருத்தி பாடுவாள். விரலை எடுக்கும்வரை பாடிக்கொண்டே இருப்பாள். நாலு பேரையும் நாலு சுரத்தில் ஒன்றாக நிறுத்தினால் அறைக்குள் ஒரு பெருங்கூட்டமே நின்று பாடுவதுபோல் இருக்கும். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

இத்தனை செய்கிற மனிதர் ஒரு வரி பாட மாட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டுக்கு நிறுத்தியபோது பாட்டு வாத்தியார், "உன் குரல் தகர டப்பா மாதிரி இருக்கு, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளிய வரக் கூடாது" என்றாராம். அன்றோடு சரி. குளியலறையில்கூட அவர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. தலைக்குள் ஓடுகிற பாட்டையெல்லாம் அந்த நாலு பேர் வாயில் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

"நிஜ மனுஷங்க பாடிக் கேக்கணும்னு ஆசையே இல்லையா உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆசை யாருக்குத்தான் இல்ல. பாடுறதுக்கு யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்தப் பதில் எனக்குள் முள்ளாகவே நின்றது.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள் என்றதும், எங்கள் தலைமை நர்ஸ், நாங்கள் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், நர்ஸ்களெல்லாம் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக்காரர் மெட்டுப் போடுவார் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாப்பிடக்கூட மறந்துவிட்டார். பெரிய சிஸ்டர் முன்னால் நின்று வரிகளைப் பாடுவது, நாங்கள் எட்டுப் பேர் பின்னால் குரலுக்கு இரண்டு பேராக நாலு குரலில் 'ஆ' என்றும் 'ஊ' என்றும் கூடவே வருவது என்று ஏற்பாடு. ஒவ்வொரு குரலையும் என் சக்களத்திகளைப் பாட வைத்துத் தனித்தனியாக எங்கள் போனுக்கு அனுப்பினார். எல்லோரும் பஸ்ஸிலும் சமையலறையிலும் அதைப் போட்டு முணுமுணுத்தோம். நான் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே 'ஊ' என்று இழுத்ததைக் கேட்டு ஒரு நோயாளி, "என்னம்மா, குத்துறதுக்கு முன்னாடியே நீங்க கத்துறீங்க?" என்றார்.

எல்லோரும் சேர்ந்து முதன்முதலாக ஒத்திகை பார்த்தது எங்கள் சாப்பாட்டு அறையில். அவரும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். முதல் சரணம் முடிவதற்குள் ஒருத்தி இருமினாள், இன்னொருத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் இருட்டியது. என்னோடு அடிக்குரல் பாடியவள் பிரசவ வார்டு நர்ஸ். ஒல்லியாக இருப்பாள், பேச்சு குத்தும், அதனால் அவளுக்குக் குண்டூசி என்று பேர்.

"அண்ணே, பிள்ளை பெற வர்றவங்களையே நடுவுல மூச்சு விடுன்னு சொல்றவ நான். உங்க பாட்டுல மூச்சு விட இடம் எங்கண்ணே இருக்கு?" என்றாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஆரம்பத்தில் தொட்ட கட்டையிலிருந்து கடைசிவரை ஒரே இழுப்பாக இழுத்து வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் பெண்களுக்கு நெஞ்சா இருக்கிறது, வலிக்க? இத்தனை வருஷம் அவர்களோடு குடும்பம் நடத்தியதில் மனிதருக்கு மூச்சு என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது.

அங்கங்கே நிறுத்திப் பாடிப் பார்த்தோம். பாட்டு விக்கல் எடுத்ததுபோல் ஆனது. பெரிய சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விழாவுக்கு இன்னும் ரெண்டே நாள்தான். இனிமே எதை மாத்துறது? பேசாம கம்ப்யூட்டர் பாட்டையே போட்டுடுங்க. நாங்க வாயை மட்டும் அசைக்கிறோம்."

பெரிய சிஸ்டர் நல்லதாகத்தான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் முகம் அப்படியே சுருங்கிப்போனது. "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஸ்பீக்கர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "என்ன சரிங்க? யார் எது சொன்னாலும் சரிங்கதானா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து இரண்டு வார்டு நர்ஸ்கள் டப்பாவோடு சாப்பிட உள்ளே வர, சாப்பிட்டு முடித்த இரண்டு பேர் அவசரமாக எழுந்து வார்டுக்குப் போனார்கள். அவர்களைக் கை காட்டினேன். "அங்க பாருங்க. நாங்க எல்லாரும் ஒரே நேரத்துலயா சாப்பிடப் போறோம்? ஒருத்தி வந்தா ஒருத்தி போறா. வார்டு காலியா இருக்குன்னு எந்த நோயாளிக்காவது தெரியுதா? மூச்சையும் அப்படியே விட்டுட்டுப் போறோம். நான் விடுறப்ப இவ பாடட்டும், இவ விடுறப்ப நான் பாடுறேன்."

ஒயரைச் சுற்றிய கை நின்றது. "அட ஆமாம்ல!" என்றார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. யார் எங்கே மூச்சு விடுவது, அப்போது யார் தாங்குவது என்று ஜோடி ஜோடியாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். பாட்டு இடையில் அறாமல் ஓடியது. குண்டூசியையும் என்னையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விட்டுடாதீங்க. அடிக்குரல் அறுந்தா மேல இருக்கிற மூணும் சுருதி விட்டுச் சரிஞ்சிடும்" என்றார்.

விழாவன்று புதுக் கட்டடத்தின் முன்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அவர் முதல் வரிசை ஓரத்தில், தேய்த்த சட்டையும் போகாத கிரீஸ் நகமுமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் பாட ஆரம்பித்ததும் அவர் விரல்கள் முழங்காலில் கட்டை அழுத்த ஆரம்பித்தன. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

கடைசிச் சரணம் தொடங்கும்போது குண்டூசியின் பையில் போன் அதிர்ந்தது. பிரசவ வார்டு. என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடிவிட்டாள். பாட்டு முடியட்டும் என்று பிள்ளை காத்திருக்குமா?

அடிக்குரலில் நான் ஒருத்திதான் நின்றேன். நீளமான 'ஆ'. பெரிய சிஸ்டரோ கண்ணை மூடிக்கொண்டு வரியை ஆற அமர இழுத்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சு எரிந்தது. என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். முழங்காலில் ஆடிய விரல் நின்றுவிட்டது. என்னால் முடியாதுங்க என்று கண்ணாலேயே சொன்னேன். இவருடைய பாட்டு என்னாலேயே கெட வேண்டுமா என்று அழுகை வந்தது. சுரத்தை விட்டுவிட்டேன்.

ஆனால் குரல் அறவில்லை. முதல் வரிசை ஓரத்திலிருந்து, கரகரவென்று, கனமாக, அதே சுரம் வந்தது. அவர்தான். முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, என்னையே பார்த்தபடி பாடினார். நான் வயிறு நிறைய மூச்சு எடுத்துச் சுரத்தை வாங்கிக்கொண்டேன். மறுபடி முடியாமல் போனபோது தலையசைத்தேன், மறுபடி அவர் தாங்கினார். மேலே இருந்த மூன்று குரலும் இம்மிகூடச் சரியவில்லை.

அப்பாடா! கைதட்டல் கேட்டபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி என் பிள்ளை பிறந்தபோதுதான் வந்தது. 'பொண்ணு, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க' என்று குண்டூசியிடமிருந்தும் செய்தி வந்தது.

பெரிய சிஸ்டர் நேரே என் வீட்டுக்காரரிடம் வந்தார். "கடைசியில ஒரு ஆம்பளைக் குரல் சேர்ந்துச்சே, ரொம்ப நல்லா இருந்துச்சு! கம்ப்யூட்டர்ல இருந்து போட்டீங்களா?"

அவர் தன் நகத்தைப் பார்த்தார். "நான்தாங்க" என்றார்.

கூட்டத்தின் இரைச்சலில் பெரிய சிஸ்டருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று காதைக் கொடுத்தார்.

"நான்தான் சிஸ்டர்! நான்தான் பாடினேன்!" என்றார் அவர், பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.