திரும்பக் கூடாத திருப்பம்

அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். எங்கள் ஊர் மீனாட்சி கோயில் கச்சேரியில் ஆலாபனை தொடங்கியதும் அவர் தூங்கத் தொடங்கிவிடுவார். நான் பியானோ பழகும்போதும் அதே அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாரே தவிர, நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் குடியிருந்த அமெரிக்க ஊரான பேர்லேண்டில் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சர், ஒரு சர்ச் ஹாலில் நடக்கும் ஆண்டு நிகழ்ச்சிக்காக, சொனாட்டினா என்ற சிறு பியானோ உருப்படி ஒன்றைக் கொடுத்திருந்தார். பழைய வியன்னா இசையமைப்பாளர்களுக்குப் பிடித்த அமைப்பு அது. முதல் மெட்டு ஒரு சுருதியில் தொடங்கும்; ஓர் இடத்தில் திரும்பி வேறொரு சுருதிக்குப் போய், அங்கே இரண்டாவது மெட்டு வரும். நடுவில் சற்று அலைந்துவிட்டு முதல் மெட்டு மறுபடி வரும். இந்த முறை மட்டும் அந்த இடத்தில் திரும்பக் கூடாது. தொடங்கிய சுருதியிலேயே நின்று முடிக்க வேண்டும்.

மேடையில் நான் திரும்பிவிட்டேன்.

அப்படித் திரும்பினால் வேறு வழியில்லை. இரண்டாவது மெட்டு, அலைச்சல், மறுபடி முதல் மெட்டு என்று ஒரு சுற்று சுற்றித்தான் அந்த இடத்துக்கு வர முடியும். வந்தேன். விரல்கள் பழக்கத்தில் மறுபடியும் திரும்பின. முன்வரிசையில் டீச்சர் தரையைப் பார்த்தார். யாரோ ஒரு பையன், “இதை ஏற்கெனவே வாசிச்சாச்சே” என்று ஆங்கிலத்தில் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு பரவியது. அடுத்த சுற்றிலும் அதே கதைதான். மேடை பிளந்து என்னை விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது.

இரண்டாவது மெட்டு முடியும் இடத்தில், அலைச்சலுக்கு முன், முதல் பகுதி இரண்டு கனத்த தட்டல்களோடு நிற்கும். பிறகு ஒரு சிறு மௌனம். அந்த மௌனத்தில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

“சூப்பர்டா கண்ணு!”

சர்ச் ஹாலே திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் கைகள் இன்னும் கட்டைகள் மேலேயே இருந்தன. டீச்சர் வந்து என் தோளைத் தொட்டு எழுப்பினார்.

காரில் நான் அழுதேன். “இட் வாஸ்ன்ட் ஈவன் ஓவர், அப்பா!”

“சாரிடா. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன்.”

“கொழந்தை வாசிச்சிட்டு இருக்கும்போதே எழுந்து கத்துவாங்களா? எல்லாரும் நம்மளையே பாத்தாங்க” என்றாள் அம்மா. அப்பா இண்டிகேட்டர் போட்டு ஃப்ரீவேயில் ஏறினார்.

அவர் கெடுக்காமல் இருந்திருந்தால் அடுத்த சுற்றில் சரியாகப் பிடித்திருப்பேன் என்று நான் உறுதியாக நம்பினேன். பள்ளியில் முகம் காட்ட வெட்கமாக இருந்தது. நான் சுற்றிச் சுற்றி வந்ததைவிட, அப்பா கத்தியதுதான் பெரிய அவமானமாகப் பட்டது. அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்கு முன்னால் கார் கழுவிக்கொண்டிருந்தார். மாடியில் என் அறை ஜன்னல் திறந்திருந்தது. சொனாட்டினாவை முதலிலிருந்து விசிலடித்தார். முதல் மெட்டு, திருப்பம், இரண்டாவது மெட்டு, அலைச்சல், மறுபடி முதல் மெட்டு. நான் தொலைந்துபோன இடம் வந்தது. அவருடைய விசில் திரும்பவில்லை. ஹோஸைக் கீழே வைத்துவிட்டு, தொடங்கிய சுருதியிலேயே நிதானமாக முடித்தார்.

விசிலடிக்க இவருக்கு வேறு பாட்டே கிடைக்கவில்லையா என்று எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தினேன்.