பக்கத்து வீட்டுக் கோழிகள் குடிவந்த கதை

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெங்களூரில் காக்ஸ் டவுனை விட்டு ஒயிட்ஃபீல்டில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போவதென்று முடிவானபோது, பீரோவும் கட்டிலும் என்னவாகும் என்று அவர் கவலைப்படவே இல்லை. கவலையெல்லாம் இரண்டு கோழிகளைப் பற்றித்தான். குழம்பு வைத்துவிடலாமே என்று சொன்ன நாத்தனாரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கடைசியில் காய்கறிக் கூடையில் வைத்து, பழைய சேலையால் மூடி, இரண்டையும் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார். எங்களிடம் ஏற்கெனவே நான்கு கோழிகள் இருந்தன.

"ரெண்டும் சாதும்மா. பத்து நிமிஷத்துல பழகிடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

நானும் நம்பினேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைப்பது போல, சனிக்கிழமை காலை கூடையைக் கொல்லை நடுவில் வைத்துச் சேலையை விலக்கினேன். உள்ளேயிருந்து ஒரு பழுப்புக் கோழியும் ஒரு வெள்ளைக் கோழியும் எட்டிப் பார்த்தன.

எங்கள் கூட்டத்தில் கருப்புக் கோழி வைத்ததுதான் சட்டம். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு அது பாய்ந்ததும் மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன. பழுப்பு, கொண்டையில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. வெள்ளை படபடவென்று எழும்பி, சுவர் மேல் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் சர்ச் காம்பவுண்டுக்குள் குதித்துவிட்டது.

"ஏங்க, ஓடுங்க! ஆன்ட்டி கோழி போச்சு!"

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தெருவில் லுங்கியோடு நின்று யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். சர்ச் வாசலில் வாட்ச்மேன், "சார், கோளி நிம்தா?" என்று, கோழி உங்களுடையதா எனக் கன்னடத்தில் கேட்டபடியே உள்ளே கையைக் காட்டினார். உள்ளே பாடகர் குழு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நாங்கள் போவதற்குள் பாட்டு நின்று, சிரிப்பு தொடங்கியிருந்தது. கீபோர்டுக்கு அடியில் வெள்ளைக் கோழி. வாசித்துக்கொண்டிருந்த பெண் எழுந்திருக்காமலேயே தன் துப்பட்டாவை அதன் மேல் போட்டு அமுக்கிவிட்டு, "சார், துப்பட்டாவத் தொவச்சுத் தந்துருங்க" என்றார்.

சாயங்காலம் ஆன்ட்டி வீடியோ காலில் வந்தார். "போனைக் கோழிகிட்ட காட்டும்மா." காட்டினேன். "கொண்டைல என்ன மஞ்சளா இருக்கு?"

கொத்துப்பட்ட இடத்தில் நான் மஞ்சள் பூசியிருந்தேன், மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து கொண்டையை உற்றுப் பார்த்தார். பிறகு, "சர்ச்சுக்கா போச்சு? பரவால்லியே" என்றார்.

அன்றிரவே என் கணவர் யூடியூபில் உட்கார்ந்தார். மறுநாள் கொல்லையைக் கம்பி வலையால் இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் பழையவை, அந்தப் பக்கம் புதியவை. பார்க்கலாம், கொத்த முடியாது. தீவனத் தட்டுகளை வலையை ஒட்டியே இரண்டு பக்கமும் வைத்தோம். முதலில் சில நாள் கருப்பு, தீவனத்தைக்கூட மறந்து, வலையோரமாக அங்கும் இங்கும் நடந்து முறைத்தது. அப்புறம் அதற்கே அலுத்துவிட்டது. ஒருநாள் காலை பார்த்தால், வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆறும் ஒரே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

வலையை எடுத்தோம். இருட்டிய பிறகு புதிய இரண்டையும் தூக்கிப்போய், கூண்டுக்குள் கம்பில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த மற்றவற்றின் பக்கத்தில் உட்காரவைத்தோம். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சண்டை இல்லை. ஆனால் தீவனம் போட்டதும் கருப்பு மறுபடி துரத்த ஆரம்பித்தது. இரண்டு தட்டு வைத்தால் இரண்டையும் காவல் காத்தது. முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், தானும் தின்னாமல் மற்றவற்றையும் விடாமல் அடியில் நின்றது.

"இதுதான் பிரச்சினை. இதைக் கொஞ்ச நாள் தனியா வைப்போம்" என்றார் கணவர். நண்பரிடமிருந்து நாய்க்கூண்டு ஒன்றை வாங்கிவந்து, கருப்பை அடுக்களைக்குப் பின்புறம், கொல்லை தெரியாத இடத்தில் வைத்தோம். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் மீட்டிங்குக்கு நடுவே அது கத்தும். எங்கள் மேனேஜர், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒருமுறை அக்கறையாகக் கேட்டார்.

கருப்பு இல்லாத கொல்லையில் மற்ற ஐந்தும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டன. பிறகு கருப்பைத் திறந்துவிட்டோம். அது நிமிர்ந்த நடையாகத் தட்டை நோக்கி வந்தது. நடுவில் பழுப்பு நின்றது. நகரவில்லை. இரண்டும் கழுத்தை நீட்டி ஒன்றையொன்று பார்த்தன. சாது என்று ஆன்ட்டி சொன்ன பழுப்புதான் முதலில் கொத்தியது, ஒரே கொத்து. கருப்பு ஒரு நொடி நின்றது. பிறகு, தண்ணீர் குடிக்கத்தான் வந்தது போலத் தொட்டிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கணவரும் நானும் ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கருப்பைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆன்ட்டி வந்தார். "பா பா" என்று கூப்பிட்டார். பழுப்பு தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் முகம் சட்டென்று வாடியது. "எங்க வீட்ல இருந்தப்ப என் பின்னாலயே சுத்துமே" என்றார். நான் காபி போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"ஃபிளாட்டுல பழகிட்டீங்களா, ஆன்ட்டி?"

"கீழ பார்க்ல ஒரு லேடீஸ் செட் இருக்கு. போனா பெஞ்சுல இடம் குடுக்க மாட்டாளுங்க." வெள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார். "நாளைக்குப் போய் நானே நடுவுல உக்காந்துடப் போறேன், பாரு."

காபியைக் குடித்து முடித்து, இன்னொரு டம்ளர் கேட்டார்.