மூன்றுகால் பூனைக்கு வராத கிரீடம்

நான் முதன்முதலாக ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. விராக் துறையில், தபாக்கோ போகும் கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கரையில் விரிந்திருந்த ஒவ்வொரு குடைக்குக் கீழும் என் அக்காவின் முகத்தைத் தேடினேன். தூறல். எல்லோருக்கும் கையசைக்க யாராவது இருந்தார்கள். என்னை வழியனுப்ப அவள் வரவில்லை. கப்பல் நகர்ந்து தீவு சிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நேனே, கெளம்பிட்டேன்டி. செருப்பக்கூட மாட்டிட்டேன். வாசல்ல கிளாரிட்டா வந்து நின்னா. நிலா ஏன் பகல்லயும் தெரியுதுன்னு கேட்டுட்டா."

"அதுக்கு?"

"அதுக்கு என்னவா? கேட்டுட்டாளே!"

கிளாரிட்டாவுக்கு அப்போது முன்பல்கூட விழுந்து முளைத்திருக்கவில்லை. அவள்மேல் எனக்கு வந்த பொறாமையை நான் உலகத்தின் பாதிவரை சுமந்துபோனேன்.

என் அக்காவின் பெயர் சல்வாசியோன். ஊருக்கு மேம் சல்வா. எனக்கு மனாய், அதாவது அக்கா. அவளுக்கு நான் நேனே, சின்னவள். பிலிப்பைன்ஸின் கட்டாண்டுவானெஸ் தீவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே அறிவியல் ஆசிரியை ஆனவள். தீவைத் தாண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய முறைதான். அதுவும் என்னைப் பார்க்க அல்ல, ஆசிரியர் கூட்டங்களுக்கு. அவளைப் பெண் கேட்டு ஒரு கப்பல்காரர் வந்தார். நல்லவர், சிரித்த முகம். அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். இரண்டு மாதம் பழகிவிட்டு வேண்டாம் என்றாள். "ஒரு தடவைகூட ஏன்னு கேக்கலடி அவர்" என்பதுதான் காரணம். அப்போது உயிரோடிருந்த அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டுவிட்டால் போதும், மனாய் விழுந்துவிடுவாள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் மாலையெல்லாம் பிள்ளைகள் தொங்கும். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொல்வாள். எனக்கு வேண்டியதை நானும் கேள்வியாகவே கேட்கவேண்டும் என்று சிறுவயதிலேயே கற்றுக்கொண்டேன்.

நான் உல்லாசக் கப்பலில் துணி வெளுத்தேன், நியூசிலாந்தில் பழம் பறித்தேன், தோகாவில் ஒரு ஓட்டலில் படுக்கை விரித்தேன். எங்கும் கால் தரிக்கவில்லை. நோய் வந்து உலகம் கதவைச் சாத்திக்கொண்டபோது திரும்பி வந்தேன். வந்த சில வாரத்தில் பெரும்புயல் எங்கள் கூரையில் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மேலே நீலத் தார்ப்பாய், கீழே நானும் மனாயும். இனி அவள் எனக்கே எனக்கு என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பாடங்களை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, திங்கள்தோறும் பெற்றோரிடம் கொடுத்தார்கள். மாட்யூல் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் வீட்டில் எழுதி அடுத்த திங்கள் திருப்பித் தரவேண்டும். கடைசித் தாளில் விடைகளும் இருக்கும். ஆசிரியர்கள் அதைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒருமுறை கிழிக்க மறந்துவிட்டார்கள். 'உன் குடும்பத்தைப் பற்றி எழுது' என்ற கேள்விக்கு ஒரு பையன் 'விடைகள் மாறுபடலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். நானும் மனாயும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த கட்டுத் தாள் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"இங்க பாரு. இதையும் பாரு. எல்லாம் ஒரே வாக்கியம்." தாள்களைத் தரையில் பரப்பினாள். "இது என்னடி? 'உதவியா இருந்தா கிரீடம் குடுங்க, நண்பா.' எதுக்கு எனக்குக் கிரீடம் கேக்குதுங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. இணையத்தில் பிள்ளைகள் கேள்வியைப் போட, முகம் தெரியாத யாராவது பதில் போடும் தளம் ஒன்று உண்டு. சிறந்த பதிலுக்குக் கிரீடம். பிள்ளைகள் பதிலைப் பார்த்து எழுதும்போது வாலையும் சேர்த்து எழுதியிருக்கின்றன. என் போனில் தேடிக் காட்டினேன். பதில் போட்டவனின் பெயர் குயா சாகோட். விடை அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையாகக் கிரீடங்கள்.

"யாரு இவன்?"

"யாருக்குத் தெரியும்? மணிலால யாராவது இன்ஜினியரா இருப்பான்."

"என்கிட்ட ஒருத்தியும் வர்றதில்ல. இவன்கிட்ட ஊரே வரிசைல நிக்குது." போனைத் திருப்பித் தராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதலன் வேறொருத்தியோடு நிற்கும் படத்தைப் பார்ப்பவள் முகம் அது.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இத்தனை வருஷம் நான் எரிந்த அடுப்பில் இப்போது அவள்.

பிள்ளைகள் ஜன்னலை விட்டுப் போய்ச் சேர்ந்த இடம் பாசிங்கின் பெட்டிக்கடை. கடை வாசலில், காசு போட்டால் சற்று நேரம் இணையம் தரும் பெட்டி ஒன்று தொங்கும். அதைச் சுற்றி மடியில் மாட்யூலோடு பிள்ளைகள் குந்தியிருக்கும். மனாய் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு.

"வாங்க மேம்! நேத்துதான வினிகர் வாங்குனீங்க, குடிச்சிட்டீங்களா?" என்றாள் கடைக்காரி.

"தீந்துடுச்சு."

"எங்க பெட்டிமேல கண்ணு வைக்காதீங்க மேம். உங்க வகுப்பவிட இங்கதான் வருகை ஜாஸ்தி."

பிள்ளைகள் மேமைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தன. மாரிஃபெல் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும் கவிழ்க்க மறந்து, பிறகு அவசரமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மனாய் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள். வாசல் வந்ததும், "உன் போனக் குடு" என்றாள். அவளுடைய போன் பழசு, அந்தத் தளம் அதில் திறக்காது. என் போனில் ஒரு கணக்குத் தொடங்கினாள். புயலில் காலை இழந்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட பூனையின் படம்தான் முகம். பெயர், மூன்றுகால் பூனை.

அன்று தொடங்கியது போட்டி. குயா சாகோட் ஒரு வரி போட்டால் மனாய் ஒரு பக்கம் போடுவாள். உதாரணம், படம், சமையலறையில் செய்துபார்க்க ஒரு சோதனை எல்லாம் இருக்கும். முடிவில் எப்போதும் ஒரே வால்: 'இப்ப நீயே உன் வார்த்தையில சொல்லிப் பாரு. புரியலன்னா திரும்பக் கேளு.' கீழே பிள்ளைகளின் குரல்கள் வரும்.

'பூனையாரே, பாடமா கேட்டேன், பதில்தான கேட்டேன்.'

'இவ்ளோ நீளமா? என் காசு தீந்துடும்.'

'யாராவது சுருக்கிக் குடுங்கப்பா.'

கிரீடம் குயா சாகோட்டுக்கே போயிற்று.

"கொஞ்சம் சுருக்கித்தான் எழுதேன், மனாய்" என்றேன்.

"ஏன், நானும் ஊட்டிவிடணுமா?"

"அவன் ஊட்டறான், ஜெயிக்கறான்."

"அவனப் பத்தி என்கிட்ட பேசாத!"

என் போன் என்னுடையதாக இல்லை. தேங்காய்ப்பாலில் சேம்பு இலை வெந்து, வற்றி, அடிபிடித்துக் கருகும். அவள் கைவிரல் திரையில் இருக்கும். நான் பார்த்த கடல்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருப்பாளா? முகம் தெரியாத ஒரு பிள்ளையின் வெப்பநிலைக் கணக்குமேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு புயல் பாடம் வந்தது. புயல் நிலத்துக்கு வந்ததும் ஏன் வலுவிழக்கிறது என்று கேள்வி. குயா சாகோட், 'சூடான கடல்நீர் கிடைக்காததால்' என்று போட்டு, வழக்கம்போலக் கிரீடம் வாங்கிக்கொண்டான். மனாய், கடல்தான் அடுப்பு, புயல் அதன்மேல் கொதிக்கிற பானை, நிலத்துக்கு வருவது பானையை இறக்கி வைப்பது போல என்று நீளமாக எழுதினாள்.

அடுத்த திங்களன்று தாள் திருத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள். பூனை அலமாரிமேல் ஏறிவிட்டது.

"என்னோடது! நேனே, இது என்னோடது! மாரிஃபெல் அவனத் தூக்கிப் போட்டுட்டு என்னத எடுத்திருக்கா!"

வாங்கிப் பார்த்தேன். அடுப்பு, பானை எல்லாம் இருந்தது. கடைசி வரியில், 'புரியலன்னா திரும்பக் கேளு' என்று ஆசிரியைக்கே மாரிஃபெல் தைரியம் சொல்லியிருந்தாள். மனாய் அதற்கு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கிரீடமும் வரைந்துவிட்டாள்.

"மனாய்," என்றேன், "பாத்து எழுதினதுதான இதுவும்?"

அவள் பேனாவை மூடினாள். 

மறுமுறை அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு மாட்யூல் வாங்க வந்த மாரிஃபெல்லை மனாய் உள்ளே கூப்பிட்டாள். அவளுடைய அம்மா வெளியே நின்றாள். நான் அடுக்களையில் இருந்தேன்.

"இந்த பதில் யாரு சொன்னது?"

"ஒரு பூனை, மேம்."

"பூனைகிட்ட கேக்கத் தெரியுது. என் வீடு தெருக்கோடிலதான இருக்கு. என்கிட்ட கேட்டா என்ன?"

மாரிஃபெல் உறையின் நுனியைச் சுருட்டினாள். "பூனைக்கு நான் யாருன்னு தெரியாது, மேம்."

"தெரிஞ்சா என்ன?"

"போன வருஷம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். 'அதான் போன வாரமே சொன்னேனே'ன்னு மூச்சு விட்டீங்க. கிளாரிட்டாலாம் புதுசா கேப்பாங்க, உங்களுக்குப் புடிக்கும். எனக்குப் பழசுதான் புரியல."

 கிரீடம் போட்ட தாளை மனாய் அப்படியே மடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து என் போனை அவள் கேட்கவில்லை. மூன்றுகால் பூனை ஒரு பதிலும் போடவில்லை. கணக்கை மூடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். ஜெயித்துவிட்டவளைப் போல நான் இருந்திருக்கவேண்டும். ஆனால் ஜன்னலில் யாரும் இல்லாத மாலைகளில், கம்பியை ஒட்டி நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. "ஏன் மனாய் கடல் நீலமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "உனக்குத் தெரியும்டி" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் திரும்பின. கேள்விகள் திரும்பவில்லை. பழைய பாடத்தைக் கேட்க வருகிறவர்களுக்கென்று வெள்ளிக்கிழமை மாலைகளை ஒதுக்கினாள். மாரிஃபெல் மட்டும் எப்போதாவது வருவாள், பாதி நேரம் பூனையோடு விளையாடிவிட்டுப் போவாள். எனக்கு மறுபடி கால் அரித்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் லெகாஸ்பியில் ஒரு விடுதியில் வேலை கிடைத்தது. இந்தமுறை துறைக்கு வந்தாள், வறுத்த பிலிக் கொட்டைப் பொட்டலத்தோடு. வேறு வேலை இல்லாததால் வந்தாள் என்பது தெரிந்ததால் அதுவும் இனிக்கவில்லை.

நீண்ட நாள் கழித்து, என்னைப் பார்க்க லெகாஸ்பிக்கு வருகிறேன் என்று மனாய் சொன்னாள். கூட்டம் எதுவும் இல்லை, எனக்காகவே. சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை மதியம், விடுதிக்கு யாரும் வராத நேரத்தில், என் போனில் மூன்றுகால் பூனைக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் குயா சாகோட்.

படித்தேன். இதை மனாய்க்கு அனுப்பினால் நாளை அவள் கப்பல் ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நல்ல பொரித்த மீனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். என் அறையில் அவளுக்கென்று புதுத் தலையணை வாங்கியிருந்தேன். பொறாமையோடுதான் அனுப்பினேன், ஒரு எழுத்தும் மாற்றாமல்:

'பூனைக்கு வணக்கம். எல்லாரும் என்ன இன்ஜினியர்னு நெனைக்கறாங்க, நான் பத்தாவதுதான். எங்கேயாவது பாத்துதான் போடுவேன், எனக்கே பாதி புரியாது. புயல் நிலத்துக்கு வந்தா வலு போயிடும்னு நானும் எத்தனையோ பேருக்குப் போட்டுட்டேன். நீங்க அடுப்புல இருந்து பானைய எறக்கி வைக்கற மாதிரின்னு எழுதியிருந்தீங்க. ஆனா எங்க தீவும் நிலம்தான? அப்புறம் ஏன் எங்க கூரைமேல வந்தப்ப அந்தப் பானை ஆறல? புரியலன்னா திரும்பக் கேளுன்னு எப்பவும் போடுவீங்களே. அதான் கேக்கறேன். நீளமா சொன்னாலும் பரவால்ல.'