வெளித்தாழ்ப்பாள்

சலூனில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். குடியை விட்டுச் சில மாதம் ஆகிறது. கை நடுக்கம் நின்று, கத்தி பழையபடி சொன்ன பேச்சைக் கேட்டது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒருநாள் மதியம் சவரத்துக்கு நுரை தடவும்போதே கண் சொருகியது.

"மாஸ்டர், தூங்கணும்னா சொல்லுங்க, நான் எந்திரிச்சு எடம் தர்றேன்" என்றார் நாற்காலியில் இருந்தவர். கடையே சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவைத்தார். ஒரே ஒரு ரவுண்டு போட்டால் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கலாம் என்று உள்ளுக்குள் எழுந்த யோசனைதான் அவரைப் பயமுறுத்தியது.

இந்தத் தூக்கமின்மைக்காகத்தான் மருத்துவமனையில் ஆன்லைன் சிகிச்சையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். கடை விடுமுறை நாளில் செல்போன் திரையில் ஆலோசகர் பெண் ஒருத்தி வந்து விதிகள் சொல்வாள். படுக்கை தூங்குவதற்கு மட்டும்தான். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் வேறு அறையில் போய் உட்கார வேண்டும். தூக்கத்தில் கண் சுழன்றால்தான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும்.

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஆனால் மாஸ்டரின் படுக்கையறைக்கு இரவானால் வெளியே தாழ்ப்பாள். குடித்த காலத்தில் நடுச்சாமத்தில் நழுவியவரைச் சாக்கடையோரம் கண்டெடுத்த பிறகு மனைவி செய்த ஏற்பாடு. உள்ளே அவருக்கு அவசரத்துக்கு ஒரு வாளி, வெளியே சோபாவில் அவள் காவல். குடி போன பிறகும் தாழ்ப்பாள் போகவில்லை. எடுத்துவிடு என்று கேட்க அவருக்கு என்ன முகம் இருக்கிறது?

"ராத்திரி தூக்கம் வராதப்ப இன்னும் எந்திரிக்காம படுத்தே கெடக்குறீங்களா சார்? ஏன்?" திரையில் அந்தப் பெண்.

சமையல் மேடையில் டப்பாமேல் சாய்த்திருந்த போனைப் பார்த்து மாஸ்டர் சொன்னார்: "முட்டி வலிம்மா."

பின்னால் மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"நாள் பூரா நின்னுதானே முடி வெட்டுறீங்க?"

"இது... ராத்திரி வலி."

"படுத்தே இருந்தா இது பலிக்காது சார்."

திரை அணைந்ததும் மனைவி திரும்பினாள். "முட்டி வலியாம்ல! என்னைக் காட்டிக் குடுக்கலைன்னு பெருமையாக்கும்?"

"உன்னை எதுக்கு இழுக்கணும்?"

"தொறந்து விட்டா நீங்க எங்க போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியல."

அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

அன்றிரவு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் புரண்டுவிட்டு எழுந்து கூடத்துக்கு வந்தார். சோபாவில் அவள் சடாரென்று தலை தூக்கினாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா உக்காரணுமாம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வாசற்கதவு. தெருமுனை மதுக்கடையின் பின்பக்கம் தட்டினால் எந்நேரமும் திறப்பார்கள். நாக்கு வறண்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன், தூங்கு."

அதற்குப் பதில் குறட்டையாக வந்தது. எத்தனை வருடக் காவல்! வாய் பிளந்து, ஒரு கை தரையில் தொங்க, கிடந்தாள்.

மாஸ்டருக்கும் கண் சுழன்றது. படுக்கைக்குத் திரும்ப வேண்டிய நேரம் இதுதான். ஆனால் எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும், அவள் விழித்துவிடுவாள். கழுத்து வலிக்க வலிக்க விடியும்வரை அப்படியே இருந்தார்.